கேசட்டில் தொலைந்த விளையாட்டுகளை எப்படி மீட்கிறார்கள்?

பாட்டு கேட்கிற அதே கேசட்டில்தான் ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டையும் விற்றார்கள். வாங்கி வந்து, வீட்டு டேப் ரிக்கார்டரில் போட்டு, அதிலிருந்து ஒரு ஒயரைக் கம்ப்யூட்டரில் சொருகி, ப்ளே பட்டனை அமுக்கிவிட்டுக் காத்திருந்தால் நாலைந்து நிமிடத்தில் விளையாட்டு திரையில் வந்து நிற்கும். ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் கேட்டால் முதலில் ‘கீ...’ என்று நீளமாக ஒரு சத்தம், அப்புறம் காதைக் குடைகிற இரைச்சல். அந்த இரைச்சல்தான் விளையாட்டு. படம், பகைவன், மதிப்பெண், எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், காணாமல் போன பழைய விளையாட்டுகளை ஏன் இத்தனை பேர் தேடுகிறார்கள், கிடைத்தால் என்ன செய்கிறார்கள் என்பது சுலபமாகப் புரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் க்ளைவ் சின்க்ளேர் நடத்திய நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட வீட்டுக் கம்ப்யூட்டர் அது. 16 கே நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48 கே உள்ளது 175 பவுண்டு. சின்னக் கறுப்புப் பெட்டி, ரப்பர் விசைகள், திரைக்கு வீட்டு டிவி, சேமித்து வைக்க வீட்டு டேப் ரிக்கார்டர். விலை குறைவாக இருந்ததால் அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைக்குப் போனது, விளையாட ஆரம்பித்தவர்கள் கொஞ்ச நாளில் தாங்களே எழுதவும் ஆரம்பித்தார்கள். பதினைந்து பதினாறு வயதுப் பையன் தன் அறையில் உட்கார்ந்து ஒரு விளையாட்டு எழுதுவான், இரண்டு கேசட் போடுகிற டெக்கில் பிரதி எடுப்பான், அட்டையை ஜெராக்ஸ் போடுவான், பத்திரிகையில் இரண்டு வரி விளம்பரம் கொடுத்துத் தபாலில் அனுப்பி விற்பான். ஐம்பது விற்றிருக்கலாம், நூறு விற்றிருக்கலாம். நாற்பது வருடம் கழித்து அதில் ஒன்றாவது எங்காவது மிச்சம் இருக்கிறதா?

‘காணாமல் போனது’ என்று சொல்லும்போது எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. மேலே சொன்ன பையனின் கேசட் உண்மையிலேயே விற்பனைக்கு வந்தது, பிரதிதான் கையில் இல்லை. விளம்பரம் இருக்கும், சில சமயம் பத்திரிகையில் விமர்சனம்கூட இருக்கும், விளையாட்டு மட்டும் இருக்காது. ஸ்பெக்ட்ரம் ஆர்வலர்கள் இப்படிப்பட்டவற்றுக்கு எம்.ஐ.ஏ என்று பட்டாளத்துச் சொல்லை வைத்திருக்கிறார்கள், போரில் காணாமல் போன சிப்பாயைச் சொல்வது போல. இன்னொரு வகை, முழுதாக முடிந்தும் வெளிவராதது. காமடோர் 64 என்ற இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டருக்காக ஹை-டெக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் செய்த டாஃபி டக் விளையாட்டு அப்படித்தான்: 1992 வாக்கில் முடிந்தது, பத்திரிகையில் விமர்சனமும் வந்தது, அதற்குள் நிறுவனம் திவாலானது, விளையாட்டு கடைக்கு வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் கழித்து ஆர்வலர்கள் அதைத் தேடிப் பிடித்து வெளியிட்டார்கள். விமர்சனம் படித்துவிட்டுக் கடை கடையாகக் கேட்டு அலைந்த சிறுவர்கள் நாற்பது வயதில் அதை விளையாடியிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு மனது நிறைகிறது.

மூன்றாவது வகை, விளம்பரத்தோடு நின்றது. லிவர்பூலில் இமேஜின் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 1984-ல் ‘பாண்டர்ஸ்னாட்ச்’ என்று ஒரு பிரமாண்டமான ஸ்பெக்ட்ரம் விளையாட்டை அறிவித்தது. ஒரு கேசட் ஐந்து ஆறு பவுண்டுக்கு விற்ற காலத்தில், தனியாக ஒரு மின்னணுப் பெட்டியும் சேர்த்துப் பல மடங்கு விலையில் விற்பதாகத் திட்டம். பக்கம் பக்கமாக விளம்பரம் வந்தது. அந்த வருடம் ஜூலையில் நிறுவனமே மூழ்கிவிட்டது. அப்போது பிபிசியின் படப்பிடிப்புக் குழு ஒரு ஆவணப்படத்துக்காக அங்கே இருந்ததால் அந்தச் சரிவு படமாகவே பதிவாகியிருக்கிறது. நிறுவனம் மூழ்கிய கதை பத்திரமாக இருக்கிறது, விளையாட்டுதான் முழுமையடையவே இல்லை. இப்படிப்பட்டதைத் தேடும்போது, கிடைக்கக்கூடியது ஒரு முழு விளையாட்டு அல்ல, சில படங்களும் துண்டுக் குறிப்புகளும்தான் என்ற தெளிவு முதலிலேயே வேண்டும்.

சரி, கேசட் கிடைத்துவிட்டது. இனி அந்த இரைச்சலுக்குள் போவோம்.

ஸ்பெக்ட்ரத்தின் மூளை இசட்80 என்ற சில்லு, நொடிக்கு 35 லட்சம் துடிப்பு. கேசட்டில் எழுதும்போது அது செய்வது மிக எளிமையான வேலை. முதலில் 807 ஹெர்ட்ஸ் அளவில் நீண்ட ஒரு ‘கீ’. ‘நான் வருகிறேன், காதைத் தீட்டிக்கொள்’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதற்காக. நிரலின் பெயரைத் தாங்கி முதலில் வருகிற தலைப்புப் பகுதிக்கு முன்னால் இது ஐந்து நொடி நீளும், அப்போது டிவி திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஓடும். அடுத்து வருவது தகவல்: சுழியம் என்றால் சின்ன அலை, ஒன்று என்றால் அதைப் போல இரண்டு மடங்கு நீளமான அலை. சுழியம் அரை மில்லி நொடிக்குச் சற்றுக் குறைவு, ஒன்று ஒரு மில்லி நொடிக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவுதான் மொழியே. திரையோரப் பட்டைகள் இப்போது நீலமும் மஞ்சளுமாக மாறிப் பரபரவென்று துடிக்கும்.

ஒரு ஸ்பெக்ட்ரம் கேசட்டின் ஒலியைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, ஒலி எடிட்டரில் நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். நான் முதல்முறை பார்த்தபோது கூட்டெழுத்தைப் பிரித்துப் படித்த மாதிரி இருந்தது. குட்டை, குட்டை, நெட்டை, நெட்டை, நெட்டை... காகிதத்தில் குறித்துக்கொண்டே போனேன், எட்டு அலை சேர்ந்தால் ஒரு பைட். தலைப்புப் பகுதியில் நிரலின் பெயருக்குப் பத்து எழுத்து இடம் உண்டு. அந்தப் பத்தையும் கையாலேயே படித்துவிடலாம், பொறுமை இருந்தால் போதும். லேபிள் கிழிந்துபோன கேசட்டில் என்ன இருக்கிறது என்பதற்கு முதல் துப்பு பெரும்பாலும் இந்தப் பத்து எழுத்துதான்.

அதனால்தான் மீட்பு வேலையில் முதல் விதி: விளையாடிப் பார்ப்பதற்கு முன்னால் ஒலியை அப்படியே எடு. கேசட் இன்னும் ஒரே ஒரு முறைதான் ஒழுங்காக ஓடும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். நம் வீடுகளில் பழைய கேசட்டைத் திறந்தால் தெரியுமே, டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம், ஹெட்டோடு டேப்பை அழுத்துகிற அந்தக் குட்டிக் கம்பளித் துண்டு பெயர்ந்து உள்ளே விழுந்திருக்கும், டேப்பின் நுனி சக்கரத்திலிருந்து கழன்றிருக்கும். இதெல்லாம் சரிசெய்யக் கூடியவைதான். நல்ல நிலையில் இருக்கும் வேறொரு கேசட் கூட்டுக்குள் டேப்பை மாற்றி வைத்துவிடுவார்கள். ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டப்பட்ட கூடு என்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்குத் துணிச்சலும் நிதானமும் ஒருசேர வேண்டும். ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்பி ஒலி கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துவார்கள். ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு மெஷினில் பதிவானது, அந்த மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வு இப்போதும் வேண்டும். அரைச் சுற்று தவறினாலும் ஒலி மழுங்கும், குட்டை அலையும் நெட்டை அலையும் ஒன்றோடொன்று குழம்பும். எந்தக் கருவி வாங்கலாம் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்கிறார்கள். இந்த ஒரு ஸ்க்ரூவைக் காதை வைத்துத் திருப்பப் பழகுவது அதைவிட முக்கியம் என்பேன்.

இரைச்சல் குறைக்கும் வசதி எதுவாக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்து, எம்பி3 ஆக்காமல் சுருக்கப்படாத வேவ் கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேகத்தில் ஒரு சுழியத்துக்கு ஏறக்குறைய 21 புள்ளி, ஒன்றுக்கு 43 புள்ளி கிடைக்கும், வேறுபாடு தெரிய இது தாராளம். எம்பி3 நம் காதை ஏமாற்றுவதற்காகச் செய்யப்பட்டது, காதுக்குத் தேவையில்லை என்று அது நினைப்பதையெல்லாம் எடுத்துவிடும். இங்கே கேட்கப்போவது காது இல்லை. ஸ்டீரியோவில் பதிவு செய்தால் இன்னொரு லாபம் உண்டு: டேப்பின் ஒரு ஓரம் கசங்கியிருந்தால் மற்ற சேனல் காப்பாற்றும்.

இனி உண்மையான சோதனை. ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் சரிபார்ப்பதற்கென்று ஒரு பைட் இருக்கும், அதற்கு முன்னால் வந்த எல்லாப் பைட்டையும் ஒரு விதத்தில் சேர்த்துக் கணக்கிட்ட விடை அது. விடை பொருந்தவில்லை என்றால் ஸ்பெக்ட்ரம் ‘ஆர் டேப் லோடிங் எரர்’ என்று காட்டிவிட்டு நின்றுவிடும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஐந்து நிமிடம் காத்திருந்து இந்த வரியைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். மீட்பவருக்கோ இதுதான் உற்ற துணை, எந்தப் பகுதி முழுசாக வந்திருக்கிறது, எது கெட்டிருக்கிறது என்று நேராகச் சொல்லிவிடுகிறது.

ஒரு உதாரணம். பல நிறுவனங்கள் கேசட்டின் இரண்டு பக்கத்திலும் அதே நிரலைப் பதிந்தன. ஒரு பக்கத்தில் குறிப்பிட்ட ஓரிடத்தில் 62 என்று வருகிறது, மறுபக்கத்தில் அதே இடத்தில் 126 என்று வருகிறது. இரும எண்ணில் எழுதினால் 00111110, 01111110. ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம், ஒரே ஒரு அலை குட்டையா நெட்டையா என்ற சந்தேகம்தான். ஆனால் இசட்80-க்கு 62 என்றால் ‘அடுத்து வரும் எண்ணை எடுத்துக்கொள்’ என்று பொருள், 126 என்றால் ‘நினைவகத்தில் இன்ன இடத்தில் போய் எடுத்து வா’ என்று பொருள். டேப்பில் ஒரு மயிரிழை கீறல், விளையாட்டில் கதவு திறக்காமலே போய்விடும், அல்லது எல்லாம் உறைந்து நிற்கும். இரண்டையும் போட்டுப் பார்த்து, சரிபார்ப்பு பைட்டோடு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சரிபார்ப்பும் முழுக் காவல் இல்லை. வேறு வேறு பைட்டில், அதே பிட் இடத்தில் இரண்டு பிழை விழுந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். ஆகவே ஒரு பிரதி கிடைத்ததும் தேடலை முடித்துக்கொள்ளாமல் இரண்டாவது பிரதிக்கும் அலைகிறார்கள். இரண்டு வேறு கேசட்டிலிருந்து எடுத்த கோப்புகள் கடைசி பைட்வரை ஒன்றாக இருந்தால்தான் நிம்மதி.

கோப்பாக வைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பைட்டுகளை மட்டும் எடுத்து வைக்கிற எளிய கோப்பு வகை ஒன்று, அலைகளின் நீளத்தையும் சேர்த்து வைக்கிற டிஇசட்எக்ஸ் என்ற வகை ஒன்று. சாதாரணக் கேசட்டுக்கு முதலாவது போதும். ஆனால் பிரதி எடுப்பதைத் தடுக்க நிறுவனங்கள் தங்களுக்கென்று வேறு வேகம், வேறு ‘கீ’ என்று வைத்துக்கொண்டன, ஸ்பீட்லாக் போன்ற முறைகளில் அந்த அலை அமைப்பே பூட்டாக இருக்கிறது. அலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பைட்டை மட்டும் வைத்தால் கேசட்டில் இருந்தது முழுதாக வந்ததாக ஆகாது.

பூட்டு என்றதும் கேசட்டுக்கு வெளியே இருந்த பூட்டுகளும் நினைவுக்கு வருகின்றன. லிவர்பூலின் சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ஸ் 1984-ல் வெளியிட்ட ‘ஜெட் செட் வில்லி’யோடு வண்ணக் கட்டங்கள் அச்சிட்ட ஒரு அட்டை வரும். விளையாட்டு தொடங்கும்போது இன்ன கட்டத்தில் என்ன வண்ணங்கள் என்று கேட்கும், சரியாகச் சொன்னால்தான் உள்ளே விடும். அன்றைய ஜெராக்ஸ் கறுப்பு வெள்ளை என்பதால் அட்டையைப் பிரதி எடுக்க முடியாது என்பது கணக்கு. இன்றைக்குக் கேசட் கிடைத்து அட்டை தொலைந்திருந்தால்? அட்டை, பெட்டி, கையேடு, பத்திரிகை விளம்பரம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து விளையாட்டோடு சேர்த்தே வைக்கிறார்கள்.

அதே விளையாட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பரண் அறைக்குள் ஒரு முறை போய்விட்டால் அதற்கப்புறம் வேறு சில அறைகளில் கால் வைத்ததுமே விளையாட்டின் நாயகன் வில்லி செத்துவிடுவான், விளையாட்டை முடிக்கவே முடியாது. அது நிரலில் இருந்த பிழை. நிறுவனம் முதலில் அதை வேண்டுமென்றே வைத்தோம் என்றது, பிறகு திருத்தம் வெளியிட்டது. பாதுகாக்கிறவர் எதை வைக்க வேண்டும், திருத்தியதையா, பிழையோடு இருப்பதையா? என் கருத்தில் இரண்டையும், தனித்தனியாக, எது எது என்று எழுதி. கடையில் விற்றது பிழையோடு இருந்ததுதான், அந்தப் பிழையோடு மல்லுக்கட்டிய ஆயிரக்கணக்கான பிள்ளைகளும் உண்மை. நல்லெண்ணத்தில் திருத்திவிட்டு மூலத்தை அழித்தால் அந்த வரலாறு போய்விடும்.

கேசட் தவிர மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளாப்பி டிஸ்க்குக்கு க்ரீஸ்வீஸில் என்ற சின்னப் பலகை இருக்கிறது, சாதாரண ஃப்ளாப்பி டிரைவையும் யூஎஸ்பியையும் இணைத்து, காந்தப் பரப்பின் மாற்றங்களை அப்படியே படித்துத் தரும். சின்க்ளேரின் மைக்ரோடிரைவ் என்று ஒன்று இருந்தது, சுமார் ஐந்து மீட்டர் டேப் முடிவில்லாமல் சுற்றுகிற குட்டிக் கார்ட்ரிட்ஜ். உள்ளே டேப்பை அழுத்துகிற மெத்தைத் துண்டு இப்போது பொடிந்துபோயிருக்கும், அதை மாற்றாமல் ஓட்டவே கூடாது.

வானொலியும் ஒரு வழியாக இருந்தது! இரைச்சல்தானே நிரல், அதை ஒலிபரப்பினால் என்ன? நெதர்லாந்தில் ஹாபிஸ்கூப் என்ற நிகழ்ச்சியில், பேசிக் என்ற எளிய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய நிரல்களை ஒலிபரப்பினார்கள். பெல்கிரேடில் 1983 முதல் ஸோரன் மோட்லி தன் வானொலி நிகழ்ச்சியில் ‘இப்போது பதிவு செய்துகொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு நிரலை ஓடவிடுவார், நேயர்கள் வீட்டில் ரெக்கார்ட் பட்டனை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப் பிடித்த ஏதோ ஒரு கேசட்டில் வேறெங்கும் இல்லாத ஒரு விளையாட்டு இன்னும் இருக்கலாம், இரண்டு பாட்டுக்கு நடுவில்.

இவ்வளவு நுட்பம் சொன்னாலும், வேலையின் பெரிய பங்கு ஆளைத் தேடுவதுதான். பழைய பத்திரிகையின் விளம்பரத்தில் ஒரு பெயர், ஒரு ஊர். அதை வைத்துக்கொண்டு எழுதியவரைக் கண்டுபிடித்து, மரியாதையாகக் கடிதம் எழுதி, ‘உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட் பெட்டி ஏதாவது இருக்குமா?’ என்று கேட்க வேண்டும். அன்று பதினாறு வயதாக இருந்தவருக்கு இன்று அறுபதை நெருங்குகிறது. பலருக்குத் தாங்கள் எழுதியதை யாராவது நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதே நம்ப முடியாததாக இருக்கும். சிலருக்கு அது வேண்டாத நினைவாக இருக்கலாம், அப்போது பேசாமல் விலகிவிட வேண்டும்.

மீட்டதை எதில் ஓட்டுவது? எமுலேட்டரில். பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் நிரல் அது, ஸ்பெக்ட்ரத்துக்கு ஃப்யூஸ், காமடோர் 64-க்கு வைஸ் என்று இலவசமாகவே கிடைக்கின்றன. சின்க்ளேரின் கம்ப்யூட்டர் தொழிலை ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் 1986-ல் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பிற்பாடு, ஸ்பெக்ட்ரத்தின் உள்நிரலை எமுலேட்டரோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று அதே நிறுவனம் அனுமதித்தது. அந்தப் பெருந்தன்மையால்தான் இன்றைக்கு நாம் ஒரு சொடுக்கில் விளையாட முடிகிறது. விளையாட்டுகளின் உரிமை வேறு விஷயம், அது எழுதியவரிடமோ வெளியிட்டவரிடமோ இருக்கும். பாதுகாத்து வைப்பது ஒன்று, எல்லோருக்கும் விநியோகிப்பது இன்னொன்று. உரிமையாளர் வேண்டாம் என்றால் ஆவணக் களஞ்சியங்கள் பட்டியலில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கோப்பைக் கொடுப்பதில்லை. அது சரியான நடைமுறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இது எங்கோ இங்கிலாந்துக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவிலும் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் உரிமம் பெற்று ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸை 1980-களின் பின்பாதியில் விற்றது. அதற்கு முன்பே, 1984-ல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற அரசின் பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றில் பேசிக் படித்த பிள்ளைகள் பொழுதுபோக்காக எழுதிப் பார்த்தவை ஏதாவது அலமாரியில், பக்திப் பாடல் கேசட்டுகளுக்கு நடுவே, உறை இல்லாமல் கிடக்கலாம்.

அப்படி ஒன்று உங்கள் வீட்டில் கிடைத்து, போட்டுக் கேட்கலாம் என்று தோன்றினால், ஒரு நிமிடம். கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும், தெரியாமல் ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அழியாமல் இருக்க அன்று உடைப்போமே, அதேதான். இன்னும் உடையாமல் இருந்தால் இரண்டையும் உடைத்துவிடுங்கள். பென்சிலை விட்டு டேப்பைக் கொஞ்சம் இறுக்குங்கள். கம்ப்யூட்டரில் ஒலிப்பதிவை முதலில் தொடங்குங்கள், அப்புறம் ப்ளே.